அந்தப் பக்கத்துக்கு ஒரு ஆள்

எங்கள் கல்லூரியில், ஏழைகளுக்கு இலவசமாகச் சட்ட உதவி செய்யக் கிராமங்களுக்குப் போக ஆசைப்படுகிற எவரும் முதலில் அவளிடம் தோற்றாக வேண்டும். இந்த விதியை யார் போட்டார்கள் என்று தெரியாது. அவளே போட்டிருப்பாள்.

நான் திருப்பதிக்குச் சட்டம் படிக்கப் போனபோது அவள் எனக்கு ஒரு வருடம் மூத்தவள். ஹாஸ்டலில் இரண்டு பேருக்கும் ஒரே அறை. கல்லூரியில் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட ஓர் அறையைச் சட்ட உதவி மையம் என்று கொடுத்திருந்தார்கள். நீளமாக ஒரு மேஜை, கால் ஆடுகிற நாற்காலிகள், சுற்றுவதைவிட அதிகமாகச் சத்தம் போடும் ஒரு ஃபேன். சனிக்கிழமைதோறும் அங்கே எங்களுக்குப் பயிற்சி நடக்கும். மையத்தைக் கவனித்துக்கொண்ட மேடம் சட்டத்தைச் சொல்லிக்கொடுப்பார். மற்றதெல்லாம் அவள் பொறுப்பு.

முதல் நாள் எனக்குக் கொடுத்த வேலை சுலபமாகத்தான் தெரிந்தது. ரேஷன் கார்டில் பெயர் விட்டுப்போன ஒரு பெரியவருக்காகக் கிராம அலுவலரிடம் போய்ப் பேச வேண்டும். பெரியவரும் கற்பனை, அலுவலரும் கற்பனை. அலுவலராக மேஜைக்குப் பின்னால் அவள் உட்கார்ந்திருந்தாள்.

வணக்கம் சொன்னேன். அவள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொரு வணக்கம் சொன்னேன். போனைப் பார்த்துத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். ஏதோ வீடியோ ஓடுகிறது போல. சரி என்று, ராத்திரியெல்லாம் நெட்டுருப் போட்ட சட்டப் பிரிவுகளைக் கடகடவென்று ஒப்பித்தேன். அவள் நிதானமாகத் தலையைத் தூக்கினாள். என்னை இல்லை, எனக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்து, "சர்வர் பனி செய்யலேது. ரேப்பு ரண்டி" என்றாள். கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லையாம், நாளைக்கு வரவேண்டுமாம். திரும்பவும் போனுக்குள் போய்விட்டாள்.

விளையாட்டு என்று தெரிந்தும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவ்வளவுதான், அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடிவந்து என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"அழுவுறியா? சூப்பர்! இப்பத் தெரிஞ்சுதா, அந்தப் பெரியவரு ஒவ்வொரு தடவையும் இன்னா பட்டுக்கினு கீறாருன்னு? வா வா, பஜ்ஜி துன்னுட்டு வந்து மறுபடி ஆரம்பிக்கலாம்."

பஜ்ஜிக்குப் பிறகு நான் வணக்கமே சொல்லவில்லை. எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "நாளைக்குன்னா எத்தனை மணிக்கு சார்? நீங்க இருப்பீங்களா, வேற யாரையாவது பார்க்கணுமா? சொல்லிட்டீங்கன்னா பெரியவர்கிட்ட நானே சொல்லிடறேன்" என்று கேட்டுவிட்டு அசையாமல் இருந்தேன். அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். கோப்பை ஜெயித்தது மாதிரி இருந்தது எனக்கு.

அவளுடைய குணமே அதுதான். எந்த விஷயமானாலும் எதிர்ப்பக்கம் போய் நின்றுகொள்வாள். பயிற்சியில் மட்டும் என்றால் பரவாயில்லை. ஹாஸ்டல் டிவியில் கிரிக்கெட் பார்க்கும்போது நாங்கள் எல்லாரும் ஒரு பக்கம் கத்தினால், அவள் தன்னந்தனியாக அடுத்த அணிக்குக் கை தட்டுவாள். மெஸ்ஸில் சாம்பார் தண்ணீராக இருக்கிறது என்று நாங்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு போராட்டம் பண்ணியபோது, சமையல்காரம்மா சார்பில் பேச எழுந்து நின்றவள் அவள். "பருப்பு எவ்ளோ குடுத்தாங்கன்னு அந்தம்மாவ யாராவது கேட்டீங்களா?" யாரும் கேட்கவில்லை. போராட்டம் அத்தோடு வார்டனிடம் திரும்பியது, சாம்பாரும் கெட்டியானது. ஆனால் அன்றைக்கு அவளை அடிக்கலாம் என்றுதான் இருந்தது.

ஒரு தோழியின் காதல் முறிந்து, நாங்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து அந்தப் பையனை வாயால் வறுத்துக்கொண்டிருந்தோம். அவள் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "சரி, இப்ப நான்தான் அந்தப் பையன். என்னைக் கேளுங்க" என்றாள். அவளோடு இருந்தால் நிம்மதியாக ஒரு வம்பு பேச முடியாது.

"உனக்கு இன்னாதாண்டீ பிரச்சனை?" என்று ஒரு நாள் பொறுக்காமல் கேட்டேன்.

"அந்தப் பக்கத்துக்கும் ஒரு ஆளு வேணும்டீ. நாம மட்டும் பேசிக்கினே இருந்தா நாம பேசறது நமக்கே நல்லாத்தான் கேக்கும்."

அவளுடைய பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதினால் யாருடைய தோப்பு, எந்த வேலி என்று பிச்சாட்டூர் பக்கத்தில் பாதிப் பேருக்குத் தெரிந்துவிடும். ஆள் எப்படி என்றால், ஒல்லி, உயரம், வேகம். நடக்கிறாளா ஓடுகிறாளா என்று சொல்ல முடியாது. தலைமுறை தலைமுறையாக மாநில எல்லைப் பக்கத்திலேயே பயிர் வைக்கும் தமிழ்க் குடும்பம். கோபம் வந்தால் தெலுங்கு, சந்தோஷம் வந்தால் தமிழ். மாங்காய்க் காலத்தில் ஊரிலிருந்து ஒரு பை நிறையக் கொண்டுவந்து, உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுக்கொண்டு வகுப்பிலேயே தின்பாள்.

அவள் போட்ட வேஷங்களிலேயே எங்களை நடுங்க வைத்தது நிலக்காரர் வேஷம்தான். துப்பட்டாவை உருட்டித் தோளில் துண்டாகப் போட்டுக்கொள்வாள். நாம் என்ன கேட்டாலும் உடனே பதில் வராது. இரண்டு தடவை செருமுவாள், கூரையை ஒரு பார்வை பார்ப்பாள், பிறகு மெதுவாக, "ஏம்பா, யாரு வூட்டுப் புள்ள நீ?" என்று ஆரம்பிப்பாள். கேள்வி கேட்க வந்தவன் தன் வம்சாவளியைச் சொல்லிவிட்டுத் திரும்பிப் போவான். எங்கள் வகுப்பு சுதீர், காளஹஸ்திக்காரன், பேச்சுப் போட்டி என்றால் கோப்பையோடுதான் திரும்புவான். அந்தச் செருமலுக்கு முன்னால் அவனுக்கே நாக்கு ஒட்டிக்கொண்டது. இதை எங்கே கற்றாள் என்று நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. நல்ல நடிப்பு என்று கை தட்டினோம்.

அந்த வருஷம் மழைக்காலம் முடிந்ததும் மூன்று பெண்கள் எங்கள் மையத்துக்கு வந்தார்கள். பிச்சாட்டூர் அணைப் பக்கம் மீன் பிடித்துப் பிழைக்கும் யானாதிப் பழங்குடிக் குடும்பங்கள். முன்னால் வந்தவர் பெயர் கன்னியம்மா என்று வைத்துக்கொள்ளுங்கள். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னார். அவர்கள் குடியிருப்பிலிருந்து ரோட்டுக்கு வர ஒரே வழி, ஒரு மாந்தோப்பின் நடுவே போகும் வண்டித் தடம். தோப்புக்காரர் அதைக் கம்பி வேலி போட்டு அடைத்துவிட்டார். இப்போது ஏரிக்கரையைச் சுற்றித்தான் வரவேண்டும். கரைமேல் ஆட்டோ வராது, ஆம்புலன்ஸும் வராது.

"மழைல என் நாத்தனார வலி எடுத்துத் தூளி கட்டித் தூக்கினு வந்தோம் சாமி. கரையில வழுக்கிச்சு. கொயந்த நிக்கல" என்றார் கன்னியம்மா. "இப்ப என் பொண்ணுக்கு மாசம் ஏறிக்கினு கீது. எனக்குக் கேசு வாணாம், சண்டை வாணாம். வண்டி வூடு வரைக்கும் வரணும். அவ்ளோதான்."

எங்களுக்கு ரத்தம் கொதித்தது. இரண்டு வருடமாகக் கற்பனைப் பெரியவர்களுக்காகப் பேசிக் களைத்தவர்களுக்கு நிஜமான ஒரு வேலி கிடைத்திருக்கிறது! சுதீர் அப்போதே மனு எழுதப் பேனாவைத் திறந்துவிட்டான். "தோப்புக்காரர் பேர் என்னம்மா?" என்றான்.

கன்னியம்மா பெயரைச் சொன்னார். ஊரையும் சொன்னார்.

மேஜையின் கோடியில் அவள் எழுந்து நின்றாள்.

"அது எங்க நைனா" என்றாள். அவளுடைய அப்பா! "இதுக்கு மேல எதுவும் சொல்லாதீங்க, நான் கேக்கக் கூடாது." வாசல் வரைக்கும் போய்த் திரும்பி, கன்னியம்மாவைப் பார்த்து, "அக்கா, இவங்க நல்லா பண்ணுவாங்க. நீங்க பயப்படாதீங்க" என்றாள். சைக்கிள் ஸ்டாண்டுக்கு அந்தப் பக்கம் போய் வெயிலில் நின்றுகொண்டாள்.

மேடம்தான் கன்னியம்மாவிடம் பொறுமையாக விளக்கினார். அந்தப் பெண் இனி இந்த விஷயத்தில் இருக்க மாட்டாள், உங்கள் மனுவைப் பார்க்க மாட்டாள், அதுதான் முறை என்று சொன்னார். கன்னியம்மா ஜன்னல் வழியாக அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மனு நீங்க எழுதிருவீங்க. ஆனா அய்யா முன்னாடி நின்னா எனக்கு வாய் வராதும்மா. அவரு செருமினாலே எனக்குக் கால் ஆடும். இந்தப் பொண்ணு இங்க எல்லாரு மாதிரியும் பேசிக் காட்டுமாமே, வாசல்ல ஒரு புள்ள சொல்லிச்சு. அவங்க நைனா மாதிரி எனக்குப் பேசிக் காட்டட்டும். நான் பேசிப் பழகிக்கிறேன்."

மேடம் நெற்றியைத் தடவிக்கொண்டார். இது எந்தப் புத்தகத்திலும் இல்லை என்று எங்களிடம் சொன்னார். வெளியே போய் அவளிடம் வெகு நேரம் பேசினார். திரும்பி வந்தபோது அவள் பதில் தயாராக இருந்தது. மனுவைப் பார்க்க மாட்டாள், எங்கள் யோசனைகளைக் கேட்க மாட்டாள். அவள் அறைக்குள் வருவாள், நைனாவாக உட்காருவாள், பேசுவாள், போய்விடுவாள். கோர்ட்டில் விசாரணை நாளன்று அவரோடு போய் அவர் பக்கத்தில் உட்காருவாள்.

"அவரு பக்கத்துலயா?" என்று நான் ஹாஸ்டலில் கத்தினேன். "கன்னியம்மாவோட கண்ணைப் பார்த்துமாடீ?"

"பார்த்துதான்டீ சொல்றேன். உங்க பக்கம் எத்தனை பேரு? சுதீரு, நீ, மேடம். எங்க நைனாக்கு யாரு கீறாங்க? வக்கீல் வெக்க மாட்டாரு, அவருக்குக் கௌரவம். தனியா வந்து நின்னு கத்திட்டுப் போயிருவாரு. கத்துறவங்கிட்ட யாரும் வழி வாங்க முடியாது."

இரண்டு நாள் நான் அவளோடு பேசவில்லை. அவள் அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை.

முதல் சனிக்கிழமை நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு கனக்கும். கன்னியம்மாவைக் கெஞ்சிக் கூத்தாடி நாற்காலியில் உட்கார வைத்திருந்தோம். அவள் துப்பட்டாவைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். இரண்டு தடவை செருமினாள். கன்னியம்மா சட்டென்று எழுந்து நின்றுவிட்டார். தலை குனிந்துவிட்டது. எதிரே இருப்பது வேஷம் என்று தெரிந்தும், மாங்காய் தின்னும் ஒரு படிக்கிற பெண் என்று தெரிந்தும், உடம்பு தானாக எழுந்துவிட்டது.

அவள் வேஷத்திலிருந்து அறுந்து விழுந்தது அன்று ஒரு நாள்தான். வெளியே ஓடிப்போய்க் குழாயில் முகம் கழுவிக்கொண்டு நின்றாள். நான் பின்னால் போனேன். பேச்சு வார்த்தை இல்லை என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

"ஒரு செருமலுக்கு எந்திரிச்சுட்டாங்கடீ" என்றாள். "எங்க வூட்ல அத்தக் கேட்டா நாங்க காப்பி போடுவோம். நைனா வந்துட்டாருன்னு அர்த்தம். அதுக்குப் போயி..." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "வா. இன்னும் பத்து தடவ செருமுறேன். அவங்க உக்காந்துக்கினே கேக்கற வரைக்கும் செருமுறேன்."

செருமினாள். கன்னியம்மா எழுந்தார். மறுபடி உட்கார வைத்தோம். மறுபடி செருமினாள். ஒரு கட்டத்தில் கன்னியம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "இரும்மா, தண்ணி குடிச்சிட்டு வா, தொண்டை போயிரப் போவுது" என்றார். உட்கார்ந்துகொண்டே சொன்னார். சுதீர் மேஜையைத் தட்டித் தாளம் போட்டான்.

அடுத்த வாரம் பேச்சு ஆரம்பித்தது. அவள் ஈவு இரக்கமே காட்டவில்லை. ஆடு வந்து மாங்கன்றை மேய்கிறதே, அதற்கு யார் பொறுப்பு என்றாள். கேட்டைத் திறந்துபோட்டுவிட்டுப் போவது யார் என்றாள். கடைசியில், கூரையைப் பார்த்துவிட்டு, குரலை உயர்த்தாமல் அந்த ஒன்றைச் சொன்னாள்.

"இது பட்டா நெலம். எங்க தாத்தா காலத்துலேர்ந்து நாங்க வுட்டோம், நீங்க போனீங்க. தயவுல வுட்டத உரிமைன்னு கேக்கலாமா?"

சுதீர் முகம் வெளுத்துவிட்டது. ஏனென்றால் சட்டமும் கிட்டத்தட்ட அதையேதான் சொல்கிறது. ஒருவர் அனுமதி கொடுத்து இன்னொருவர் நடந்தால், எத்தனை வருஷம் நடந்தாலும் அது வழி உரிமை ஆகாது. மேடம்கூடப் பேனாவைக் கீழே வைத்தார். எங்கள் கண் எதிரே வழக்கு உட்கார்ந்துவிட்டது.

கன்னியம்மாவுக்கு இந்தச் சட்டமெல்லாம் தெரியாது. அவருக்குக் கோபம்தான் வந்தது.

"தயவா? கேட்டாதான அய்யா தயவு? எங்க மாமனாரு யாரையும் கேட்டது கெடையாது. அவங்க நைனாவும் கேட்டது கெடையாது. அது எங்க தடம், நாங்க போனோம். தோ போறான்னு உங்க தாத்தா பார்த்துக்கினுதான இருந்தாரு? யாராவது வாயைத் தெறந்து 'போலாமா'ன்னு கேட்டோமா?"

சுதீர் நாற்காலியோடு பின்னால் சாய்ந்து விழப் பார்த்தான். "அதே! அதே! கேட்காம போனா தயவு இல்லை, உரிமை! அம்மா, இதைத்தான் சட்டம் சொல்லுது, திரும்பச் சொல்லுங்க, திரும்பச் சொல்லுங்க!" என்று பாதித் தெலுங்கும் பாதித் தமிழுமாகக் குதித்தான். நான் அவன் முதுகில் அறைந்தேன். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இத்தனை ஆரவாரத்துக்கு நடுவில் அவள் துப்பட்டாவைத் தோளிலிருந்து எடுத்து உதறிவிட்டு எழுந்து போய்விட்டாள். அவள் முகத்தில் ஜெயித்த களையும் இல்லை, தோற்ற களையும் இல்லை.

விசாரணை, கோர்ட் வளாகத்தில் லோக் அதாலத்தில். வழக்குப் போடும் முன்பே இரண்டு தரப்பையும் உட்கார வைத்துப் பேசும் இடம். ஓய்வு பெற்ற ஒரு நீதிபதியும் ஒரு வக்கீலும் மேஜைக்குப் பின்னால் இருந்தார்கள். மாணவர்கள் வாதாட முடியாது, கன்னியம்மாவுக்குத் துணையாகப் பின் வரிசையில் உட்காரலாம். கன்னியம்மாவின் பெண்ணும் வந்திருந்தாள். நாள் நெருங்கிய வயிறு. ஏரிக்கரையைச் சுற்றி நடந்து வந்த களைப்பில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

பைக் சத்தம் கேட்டது. அவர் வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. பின் சீட்டிலிருந்து புடவை கட்டிக்கொண்டு அவள் இறங்கினாள். எங்களைப் பார்க்கவில்லை. தெரிந்த விஷயம்தான், ஆனாலும் அந்த நிமிஷம் வரைக்கும் அவள் எங்களுடைய ஆள்.

அப்புறம் நடந்தது வேடிக்கையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. நீதிபதி கேட்டதும் அவர் இரண்டு தடவை செருமினார். கூரையை ஒரு பார்வை பார்த்தார். சுதீர் என் கையைக் கிள்ளினான். சிரிப்பு வந்துவிடும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன். ஓரக்கண்ணால் கன்னியம்மாவைப் பார்த்தேன். நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தார். எழவில்லை! அவர் எழவில்லை!

ஆடு வந்தது, கேட் வந்தது. எல்லாம் அதே வரிசை. ஒவ்வொன்றுக்கும் கன்னியம்மா பதில் சொன்னார், முதலில் மெதுவாக, பிறகு சத்தமாக. கடைசியில் அதுவும் வந்தது.

"எங்க தாத்தா தயவுல வுட்டாரு சார். தயவுல வுட்டத உரிமைன்னு கேட்டா எப்டி?"

"கேட்டாதான அய்யா தயவு?" என்றார் கன்னியம்மா. முழுவதையும் சொன்னார். மாமனார், அவருடைய நைனா, தடம், தோ போறான் என்று பார்த்துக்கொண்டிருந்த தாத்தா. ஒன்றும் விடவில்லை.

தோப்புக்காரர் மெதுவாகத் திரும்பித் தன் மகளைப் பார்த்தார். மகளின் கல்லூரி எது, அங்கே பின் வரிசையில் இருக்கும் பிள்ளைகள் எந்தக் கல்லூரி என்று அவருக்கு அப்போதுதான் கணக்குச் சேர்ந்தது.

"நீ சொல்லிக் குடுத்தியா?"

அறையே அவளைப் பார்த்தது.

"இல்ல நைனா" என்றாள். "நான் அவங்க முன்னாடி உங்கள மாதிரிப் பேசினேன். அவ்ளோதான் பண்ணேன். பதில் அவங்களோடது."

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். எழுந்து போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். போகவில்லை. நீதிபதியைப் பார்த்து, "அந்தம்மா சொல்றது நெசம் சார்" என்றார். "யாரும் கேட்டது கெடையாது. எங்க தாத்தாவும் தடத்த வுட்டுதான் செடி நட்டாரு. நான் பார்த்துகீறேன்."

எனக்குப் புல்லரித்துவிட்டது. வழியை அவர் வாயாலேயே கொடுத்துவிட்டார்! அந்த மனிதருக்குப் பொய் சொல்ல வராது என்பதை இத்தனை வாரத்தில் அவள் ஒரு தடவைகூட எங்களுக்கு நடித்துக் காட்டவில்லை. பிறகு கேட்டேன், ஏண்டீ காட்டவில்லை என்று. "அது எங்க வூட்டு விசயம்டீ. அத்தச் சொல்லியிருந்தா துரோகம்" என்றாள்.

நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்று எழப் பார்த்தோம். அவள் முந்திக்கொண்டு எழுந்தாள்.

"சார், வழி குடுக்கறதுல எங்களுக்கு ஆட்சேபணை இல்ல. ஆனா எங்க நைனா பயமும் நியாயம்தான். போன கோடைல நட்ட கன்னுங்க பாதி ஆடு மேஞ்சு போச்சு."

"நீ யாரும்மா?" என்றார் நீதிபதி.

"எதிர்த் தரப்போட பொண்ணு சார்."

பேசினாள் பாருங்கள், அப்படிப் பேசினாள். தடத்தின் இரண்டு பக்கமும் வேலி இருக்கட்டும், நடுவில் ஆம்புலன்ஸ் போகிற அகலம் விட வேண்டும், வேலியை நைனா தள்ளிப் போடுவார், ஆடுகளைத் தடத்தில் ஓட்டும்போது கூடவே ஆள் வர வேண்டும். கன்னியம்மாவிடம் திரும்பி, "முடியுமாக்கா?" என்று கேட்டாள். "ஆடு ஓட்ட ஆள் உண்டு. ஆனா பூட்டு மட்டும் கூடாது" என்றார் கன்னியம்மா. "பூட்டு கூடாது, எழுதுங்க சார்" என்றாள் அவள். எங்களுக்குத் தோன்றாதது அது. அன்றைக்கு நைனா கோபத்தில் எழுந்து போயிருந்தால் தீர்ப்பு வாங்கியும் அந்தத் தோப்புக்குள் யாரும் நிம்மதியாக நடந்திருக்க முடியாது. இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். நான் அவளைக் கட்டிக்கொள்ள ஓடினேன். அவள் அதற்குள் பைக்கின் பின் சீட்டில் இருந்தாள். வழியெல்லாம் அவளும் நைனாவும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லையாம்.

லீவுக்கு ஊருக்குப் போனாள், வீட்டிலும் பேச்சில்லை. அவள் போனில் சொன்னபோது குரல் ரொம்பச் சின்னதாக இருந்தது. நைனா வேலியைத் தள்ளிப் போட்டுவிட்டார், சொன்னபடி ஆம்புலன்ஸ் அகலம். ஆனால் தன்னிடம் தண்ணீர்கூடக் கேட்பதில்லை, செருமுவதும் இல்லை என்றாள். அவளுக்காகப் பேச அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

பிறகு ஒரு மத்தியானம், ஊருக்கு வந்திருந்த நான் சித்தூர் பஸ் ஸ்டாண்டில் திருப்பதி பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். அவளிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ். காதில் வைத்தால் முதலில் சைரன். அதற்கும் மேலே தொண்டை கிழிய ஓர் ஆண் குரல்.

"ஏய் டிரைவரு, கெளை இடிக்கும், லெஃப்ட்ல வா! மெல்ல, மெல்ல, உள்ள புள்ளத்தாச்சி கீது! கன்னியம்மா, பயப்படாத, நான் முன்னாடி போய்க்கினே கீறேன்!"

பிறகு மூச்சிரைக்க அவள் குரல்.

"கேட்டியாடீ? வண்டி எங்க தோப்புக்குள்ள போய்க்கினு கீது! நைனா முன்னாடி ஓடிக்கினு கீறாரு, செருப்புகூடப் போடல! என்னைப் பார்த்து 'நின்னுக்கினு இன்னா பாக்குற, போய் அந்தக் கெளையப் புடி'ன்னு கத்துறாருடீ! என்கிட்டப் பேசிட்டாரு!"

பஸ் ஸ்டாண்டில் யார் பார்க்கிறார்கள் என்று பார்க்காமல் நான் கை தட்டினேன். சாயங்காலம் இன்னொரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. அதில் அவள் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. பிறந்த குழந்தை ஒன்று வீல் வீலென்று கத்திக்கொண்டிருந்தது.